மாலையானால் இரையும் பெட்டி

பாட்டு ஓடும்போது யாருக்கும் இரைச்சல் கேட்பதில்லை. பாட்டு நின்று வீடு அடங்கிய பிறகுதான் ஸ்பீக்கருக்குள்ளிருந்து ‘ஸ்ஸ்’ என்று விடாமல் ஒரு சத்தம் வருவது காதில் விழும். “அண்ணே, பொட்டி இரையுது” என்று கொண்டுவந்து மேசைமேல் வைப்பார்கள். ஸ்க்ரூ டிரைவரைத் தொடும் முன் நான் கேட்பது ஒன்றுதான்: “எப்ப இரையுது?” மரக்காணத்தில் இந்தக் கேள்விக்கு வரும் பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒயர் இல்லாத பெட்டி என்பதால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது காற்றில் வரும் அலையைத்தான். “பக்கத்து வீட்டு வைஃபை இடிக்குதோ?” என்பார்கள். ப்ளூடூத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைமேல் ஏறி வருவது எண்களாக மாற்றப்பட்ட பாட்டு. அலை தடைபட்டால் பாட்டு வெட்டி வெட்டி வரும், நின்றே போகும். ஆனால் இரையாது. அதே பெட்டியில் எஃப்.எம். போட்டால் கதை வேறு. நம் ஊர் புதுச்சேரிக்கு ஏறக்குறைய 35 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது, சென்னையோ 120 கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். இங்கிருந்து சென்னை நிலையத்தைப் பிடித்தால் இரைச்சல் கூடவே வரத்தான் செய்யும். அது பெட்டியின் குற்றமல்ல. ப்ளூடூத்தில் கேட்கும் இரைச்சல் மட்டும் பெட்டிக்குள்ளேயே பிறக்கிறது. எண்கள் மறுபடி மின்னழுத்தமாக மாறும் இடத்திலிருந்து ஸ்பீக்கர் வரைக்கும் எங்கோ ஓரிடத்தில் அது இருக்கிறது.

அந்த இடத்தைக் காதாலேயே குறுக்கிக்கொண்டு போகலாம். ‘உம்ம்’ என்றால் கரண்ட், அதாவது சார்ஜர் வழியாகவோ எர்த் வழியாகவோ வருவது. சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பெட்டி போனைத் தேடும்போதும் பாட்டு மாறும்போதும் ‘கீ’ என்று மெல்லிய சத்தம் ஏறி இறங்கினால், ப்ளூடூத் போர்டும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே சப்ளையைப் பகிர்ந்துகொள்வதால் வரும் தொல்லை. ப்ளூடூத் போர்டுக்கு மட்டும் தனிமைப்படுத்திய 5 வோல்ட் சப்ளை கொடுத்தால் அடங்கும். வெறும் ‘ஸ்ஸ்’ என்றால் வால்யூமை முழுக்கக் குறைத்துப் பார்ப்பேன். இரைச்சலும் குறைந்தால் கோளாறு வால்யூமுக்கு முன்னால். குறையாமல் நின்றால் பின்னால்.

வருகிற பெட்டிகளில் நிறைய எந்தக் கோளாறும் இல்லாதவை. போனில் சத்தத்தைப் பாதியில் வைத்துவிட்டு பெட்டியில் முழுக்கத் திருகியிருப்பார்கள். பாட்டு சிறியதாக உள்ளே போகிறது, பெட்டி பாட்டையும் இரைச்சலையும் சேர்த்துப் பெரிதாக்குகிறது. போனை ஏறக்குறைய முழுச் சத்தத்துக்கு ஏற்றி, பெட்டியில் தேவைக்குக் குறைத்தாலே போதும். இதற்கு நான் காசு வாங்குவதில்லை. ஆம்ப்ளிஃபயரிலேயே பெருக்கம் அதிகமாக வைத்திருந்தால்தான் சால்டரிங் அயர்ன் எடுக்க வேண்டும். பல சிறிய பெட்டிகளில் வரும் டி.பி.ஏ. 3116 சிப்பில் பெருக்கத்தை 20, 26, 32, 36 டெசிபல் என்று ரெசிஸ்டர்களால் அமைக்கலாம். 36 என்றால் உள்ளே வருவது 63 மடங்கு, 20 என்றால் 10 மடங்கு. வீட்டுக் கூடத்தில் கேட்க 20 தாராளம்.

அதற்கப்புறமும் காதை ஸ்பீக்கரோடு ஒட்டினால் மெல்லிய ‘ஸ்ஸ்’ கேட்கும். அதைத் துரத்தக் கூடாது. பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அளந்து, நைக்விஸ்ட் கணக்குப் போட்டு, 1928இல் இருவரும் வெளியிட்ட உண்மை அது: சூடு இருக்கும்வரை எந்த ரெசிஸ்டருக்குள்ளும் எலெக்ட்ரான்கள் சும்மா இருப்பதில்லை. நம் வெயிலில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, காது கேட்கும் அலைவரிசை முழுவதிலும் சேர்த்து 1.8 மைக்ரோவோல்ட் அளவுக்குத் தானாகவே இரைந்துகொண்டிருக்கும். இதைச் சொன்னால் சிலர் முகம் வாடும். ஆனாலும் சொல்லிவிடுவேன். இல்லாத கோளாறுக்குப் பெட்டியைப் பிரிப்பது பாவம்.

இனி எங்கள் ஊருக்கே உரிய கோளாறு. “பகல்ல நல்லாத்தான் பாடுது அண்ணே, பொழுது சாஞ்சா இரையுது” என்பார்கள். உப்பளத்தை ஒட்டிய வீடுகளிலிருந்து வரும் பெட்டிகளில் இது அடிக்கடி. கரகரப்பும் ‘ஸ்ஸ்’ஸும் கலந்து, ஒரே அளவில் நிற்காமல் கூடிக் குறையும். திறந்தால் பல சமயம் கண்ணுக்கு எதுவுமே தெரியாது. சில பெட்டிகளில் செம்புக் கால்களில் பச்சை பூத்திருக்கும்.

காரணம், உப்பளக் காற்றோடு வந்து போர்டின் மேல் படியும் உப்பும் காற்றின் ஈரப்பதமும்தான். கறியுப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையும். அதற்குக் கீழே அது உலர்ந்த படிகம், கரண்டைக் கடத்தாது. ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும் பகலில் போர்டின் மேலுள்ள உப்பு உலர்ந்துதான் கிடக்கும், பெட்டியும் பாடும். பொழுது இறங்கி, கடல்காற்றின் ஈரம் ஏறி அந்த அளவைத் தாண்டினால் அதே உப்பு நீராகிறது. 100 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குப் பக்கத்தில் அந்த ஈரம் புது வழி திறந்தால், அங்கே ஒழுகும் கரண்ட் நிலையில்லாமல் துடிக்கும். அந்தத் துடிப்பைத்தான் ஆம்ப்ளிஃபயர் பெருக்கிக் காட்டுகிறது.

உப்பு வாரிய பின் பாத்தியில் மிஞ்சும் கசப்புநீர் இன்னும் பொல்லாதது. அதிலுள்ள மெக்னீசியம் குளோரைடு 33 சதவீத ஈரத்திலேயே கரைந்துவிடும். எங்கள் ஊர்க் காற்றில் அது உலர நேரமே கிடைக்காது. பாத்திக்கரையில் வைத்துப் பாட்டுக் கேட்ட பெட்டி பகலிலும் இரைந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். உப்பளத்தில் வேலை செய்பவர்களிடம் இதை விளக்கவே வேண்டியதில்லை. கசப்பு போகாத உப்பு மூட்டையிலேயே நீர் விடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சுத்தம் செய்வதில் பலரும் நேரே ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை எடுக்கிறார்கள். கறியுப்பு அதில் சரியாகக் கரையாது, பிரஷ்ஷோடு இடம் மாறி உட்காரும். உப்பைக் கரைப்பது தண்ணீர்தான். முதலில் பேட்டரியைக் கழற்றி, ஸ்பீக்கரையும் பிரித்துத் தள்ளி வைப்பேன். போர்டை டிஸ்டில்டு வாட்டரில் மென்மையான பிரஷ்ஷால் கழுவி, தண்ணீரை மாற்றி மறுபடியும் அலசுவேன். குழாய்த் தண்ணீர் ஆகாது, அதிலும் உப்பு. அப்புறம்தான் ஆல்கஹால்: மூலைகளில் நிற்கும் நீரை வெளியே தள்ளுவதற்கு. சிப்புக்கு அடியில் ஈரம் தங்கும் என்பதால் மிதமான சூட்டுக்காற்றில் பொறுமையாக உலர்த்த வேண்டும். முழுக்க உலர்ந்தது உறுதியானதும், பிளக் வாய்களை டேப்பால் மூடிவிட்டு, போர்டுகளுக்கென்று விற்கும் வார்னிஷை இரண்டு பூச்சு தெளிப்பேன். உப்பு உள்ளே இருக்கும்போதே பூசினால் அதைச் சிறைவைத்ததாகிவிடும்.

வேலை முடிந்ததென்று பகலில் போன் பண்ணி வரச்சொல்வதில்லை. கடைக்கதவைத் திறந்து வைத்து, இருட்டும்வரை பெட்டியைக் கடல்காற்றிலேயே ஓடவிடுவேன். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வரச்சொல்லி, பாட்டை நிறுத்தி, அவர்கள் காதாலேயே கேட்கவைத்த பிறகுதான் கையில் கொடுப்பேன்.