நான் மதம் மாறலாமா?

கத்தோலிக்க சமயத்தில் சேர்வதா, வேண்டாமா என்று சென்ற ஏழு மாதங்களாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். இதைப் படித்தவுடன் நேயர்களிற் சிலர் முகஞ் சுளிப்பார்கள் என்பதை அறிவேன். மதம் என்ற ஒன்றே மனிதனுக்கு எதற்கு என்று இளமையில் தோட்டத்து வாசகசாலைத் திண்ணையில் உட்கார்ந்து வாதித்தவன் நான். திருவிழாவுக்கு வசூலாகும் பணத்தில் பாதியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்டு, தலைவரிடம் ஏச்சும் வாங்கியவன். அத்தகையவன் நாற்பத்தொன்பதாம் வயதில் ஞாயிற்றுக்கிழமை தோறும் மாதா கோவிலின் கடைசிப் பெஞ்சியில் போய் உட்காருவானேன் என்ற கேள்வி நியாயமானதே. அதற்கு என்னால் இயன்ற பதிலைச் சொல்லிவிட முயலுகிறேன்.

நான் குளுவாங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். என் தந்தையார் பால்வெட்டுத் தொழிலாளி. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீட்டுமனைகள் வந்தன. நாங்கள் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு ஜொகூர் பாருவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடிக்குக் குடியேறினோம். லயத்தில் ஒரு வீட்டில் இருமல் கேட்டால் பத்து வீட்டில் கஷாயம் காயும். மாடியிலோ, பக்கத்து வீட்டுக் கதவின் நிறம் தெரியும். உள்ளே இருப்பவர் பெயர் தெரியாது.

சென்ற ஆண்டு என் தாயாருக்குச் சிறுநீரகக் கோளாறு கண்டு, இருபத்துமூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். நானோ சிங்கப்பூரில் வேலை செய்பவன். விடியற்காலை நாலரை மணிக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுப் பாலத்தைக் கடந்தால், வீடு திரும்ப இரவு எட்டாகும். 1924-ல் அந்தப் பாலத்தைத் திறந்தவர்கள், பிற்காலத்தில் அதன்மேல் ஒரு ஜனசமூகமே தன் வாழ்நாளில் பாதியைக் காத்துக்கொண்டு நிற்கும் என்று நினைத்திருக்கமாட்டார்கள். என் மனைவியும் வேலைக்குப் போகிறவள். பகலில் தாயாரின் அருகில் யார் இருப்பது?

மேல்மாடியில் இருந்த ஒரு கத்தோலிக்க அம்மையார் இருந்தார். நாங்கள் கேட்கவில்லை; அவராக வந்தார். தூக்குப் பாத்திரத்தில் கஞ்சி கொண்டுவந்து ஊட்டினார், தலைவாரிவிட்டார், புடைவையைத் துவைத்துக் கொண்டுவந்தார். அவர் வர முடியாத நாளில் அவருடைய செபக் கூட்டத்தைச் சேர்ந்த வேறொருவர் வந்தார். இருபத்துமூன்று நாளில் ஒரு நாளாவது அவர் மதத்தைப் பற்றி வாய் திறந்தாரா என்று தாயாரைக் கேட்டேன். “அது ஊர்க்கதைதான் பேசும், தம்பி” என்றார்கள். நான் வாங்கிக்கொடுத்த புடைவையையும் அந்த அம்மையார் ஏற்கவில்லை. ஆகவே, இவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போகிறார், அங்கே என்ன கேட்கிறார் என்று பார்க்க விரும்பினேன்.

சோற்றுக்காக மதம் மாறினான் என்று நம்மவரில் ஒரு பழிச்சொல் உண்டு. நானும் அதை மேடையில் சொல்லிக் கைத்தட்டல் பெற்றதுண்டு. இன்று அச்சொல் என்மேலேயே திரும்புகிறது. ஆம், கஞ்சிக்காகத்தான் போனேன். அதை மறுக்கவேண்டிய அவசியம் என்ன? ஒரு நூலின் வாதத்தால் மனம் மாறுவது உயர்வு, ஒரு பாத்திரக் கஞ்சியால் மாறுவது தாழ்வு என்று யார் விதித்தது? ஆனால் நன்றி வேறு, நம்பிக்கை வேறு என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் இந்த ஏழு மாதமும் சென்றது.

ஜொகூர் பாருவில் அமலோற்பவ மாதா கோவில், அபூபக்கர் மகாராஜாவாயிருந்து ஆண்ட காலத்தில், 1883-ல் எழுந்தது. அதிலிருந்து சிறிது தூரம் நடந்தால் இராஜமாரியம்மன் கோவில். என் தாயார் என்னை நடத்திக் கூட்டிச்சென்றது இரண்டாவது கோவிலுக்கு. எனக்குக் காய்ச்சல் வந்த ஆறாம் வயதில், தோட்டத்து மாரியம்மனுக்கு அவர்கள் பால்குடம் எடுத்த கால்தடம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

இது அந்நிய மதம் என்று சிலர் சொல்வது எனக்குப் பெரிய தடையாகத் தோன்றவில்லை. முத்துக்குளித்துறையில் பரதவர் இதில் சேர்ந்து ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டாகிறது. 1578-ல் கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் கத்தோலிக்கரின் உபதேச நூலே. தேம்பாவணியும் சதுரகராதியும் தந்த வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்த குருவானவர். நம் பாட்டன்மார் காலத்தில் பூசை லத்தீனில் நடந்தது; 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் நம் மொழியில் நடக்கிறது. இப்போது அவர்கள் வழங்கும் தமிழ் என்னைவிடத் தூய தமிழ். ஞானஸ்நானம் என்று சொன்னால் உபதேசியார் ‘திருமுழுக்கு’ என்று திருத்துகிறார். மேல்மாடி அம்மையாரோ அவரையும் மதியாமல் ஞானஸ்நானம் என்றே சொல்லி வருகிறார்!

என்னைத் தடுத்தது வேறு. ஜாதிதான்.

தேவசகாயத்தின் சரித்திரத்தை நேயர்களில் பலர் அறிந்திருக்கக் கூடும். திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மரின் அரண்மனையில் உத்தியோகம் பார்த்த நீலகண்ட பிள்ளை, 1741-ல் குளச்சல் போரில் சிறைப்பட்ட டி லனாய் என்ற டச்சுத் தளபதியின் வாயிலாக இச்சமயத்தை அறிந்து, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அவருக்குச் சோற்றுக்குக் குறைவில்லை, பதவிக்கும் குறைவில்லை. எருமைமேல் ஏற்றி ஊர் ஊராய் அவமானப்படுத்தினார்கள். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழிக்கருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ல் ரோமாபுரியில் அவரைப் புனிதராக அறிவித்தபோது, ‘பிள்ளை’ என்ற ஜாதிப் பட்டத்தை நீக்கியே அறிவித்தார்கள். நல்ல காரியந்தான். ஆனால் அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பின்னால் நடந்தது என்ன? வேளாளருக்கு ஒரு பக்கம், நாடார் முதலியவர்களுக்கு ஒரு பக்கம் என்று கோவிலுக்குள்ளேயே சுவர் எழுப்பி, ஒரே பீடத்தைப் பார்த்து இரு திசையிலிருந்து கும்பிட்டார்கள். 1910-ல் குருமார் அச்சுவரை இடித்ததற்கு வேளாளர் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்கள். திருச்சிராப்பள்ளியிலோ கல்லறைத் தோட்டத்தையே சுவர் பிரித்தது. செத்த பிறகு எந்த ஜாதிப் புழு எந்த ஜாதி உடம்பைத் தின்னவேண்டும் என்று கணக்குப் பார்த்தார்கள் போலும்.

1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவியுடுத்து, பிராமணரைப் போல் புலால் நீக்கி, நம் மொழியைக் கற்றதைப் பெரிதாகப் புகழ்வார்கள். புகழத் தக்கதே. ஆயினும் ஏற்கெனவே கிறிஸ்தவராயிருந்த மீனவரோடு கலவாமல் ஒதுங்கியும் அவர் நின்றார். அந்த ஒதுக்கத்தின் விதை எத்தனை தலைமுறைக்கு முளைத்தது என்பதை வடக்கன்குளத்துச் சுவரைக் கேட்டால் சொல்லும். சர்க்காரும் தன் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. இந்தியாவில் 1950-ல் பிறந்த உத்தரவின்படி, தாழ்த்தப்பட்டவன் கிறிஸ்தவனானால் அட்டவணை ஜாதியாருக்குரிய உரிமையை இழக்கிறான். ஜாதி மட்டும் அவனை விட்டு இழந்து போவதில்லை. டாக்டர் அம்பேத்கர் இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935-ல் சொல்லி, 21 ஆண்டுகள் பல சமயங்களையும் ஆராய்ந்து, 1956-ல் பௌத்தத்தைத் தழுவியது காரணமில்லாமலா?

இவையெல்லாம் அக்கரைச் சங்கதி, இங்கே அவ்விதமில்லை என்றுதான் எண்ணியிருந்தேன். மூன்றாவது மாதத்தில், பூசை முடிந்து காப்பி குடிக்கும் இடத்தில், வயதான ஓர் அம்மாள் என் மகளைப் பற்றி அன்போடு விசாரித்தார். பெயர், படிப்பு எல்லாம் கேட்டபின், குரலைத் தாழ்த்தி, “நீங்க என்ன ஆளுங்க?” என்றார். இதே கேள்வியை இதே தாழ்ந்த குரலில் மாரியம்மன் கோவில் வாசலிலும் கேட்டிருக்கிறேன். பழைய நாளில் கங்காணி ஆள் கட்டி வந்தபோது லயத்தின் கோடியில் யாரை வைப்பது என்பதற்கும் இதே கேள்விதான். பதில் சொல்லாமல் காப்பியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு வாரம் போகவுமில்லை.

பங்குச் சாமியாரிடம் இதைச் சொன்னேன். அவர் மழுப்பவில்லை. “அது பாவம், அந்தப் பாவம் எங்களுக்குள் இருக்கிறது” என்றார். பாவமென்று ஒப்புக்கொள்ளும் இடத்தில் அதை எதிர்த்துப் போராட வழியுண்டு என்று நினைத்து மறுபடியும் போனேன். என் பழைய வாசகசாலை நண்பர் இதைக் கேட்டுச் சிரித்தார். “இங்கே எதிர்த்து அலுத்துப்போய், அங்கே எதிர்க்கப் போகிறாயா?” என்றார். அவருக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாயில்லை. அதனால் அதை இங்கே எழுதவில்லை.

என் மனைவி இவ்விஷயத்தில் இரண்டே வார்த்தை சொன்னாள்: “நீங்க போங்க, என்னை இழுக்காதீங்க.” அதோடு அது முடிந்தது.

தாயார் விஷயம் அவ்வளவு எளிதில் முடியவில்லை. அவர்களுக்கு எழுபத்துநான்கு வயது. நான் ஒரே மகன். ஒரு நாள் இரவு சாப்பாடு போட்டுக்கொண்டே, “நான் செத்தா நீ கொள்ளி வைப்பியா, தம்பி?” என்று கேட்டார்கள். சாமியாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இதைவிட வெட்கமான பதிலை நான் வாழ்நாளில் சொன்னதில்லை. தாய்க்குக் கொள்ளி வைக்க இன்னொருவரிடம் அனுமதியா?

என்றாலும் கேட்டேன். தகனத்தை அவர்கள் சபை 1963 முதல் தடுப்பதில்லையென்றும், தாய்க்கு மகன் செய்யும் கடமையை எந்தச் சட்டமும் பறிக்காதென்றும் சாமியார் சொன்னார். பிண்டம் வைத்து வழிபடுவது வேறு. அதை நீர் நம்பாமல் செய்யக்கூடாது, தாயாரிடம் ஒளிக்கவும் கூடாது என்றார். வேடிக்கை என்னவென்றால், பிண்டத்தில் எனக்கு இருபதாம் வயது முதலே நம்பிக்கையில்லை. என் தந்தையாருக்குத் திதி கொடுப்பதையும் கொள்கைக்காக நிறுத்தியவன் நான். அப்போது தாயார் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது மட்டும் ஏன் மனம் நடுங்குகிறது?

சாமியார் சொன்னதையெல்லாம் தாயாரிடம் சொன்னேன். அவர்கள் சிறிது நேரம் பேசாமலிருந்து, “மாதாவும் ஆத்தாதான். அதைக் கும்பிடறதுக்கு நான் குறுக்கே நிக்கல. ஆனா, நம்ம ஆத்தாளை விட்டுட்டேன்னு நாலு பேர் முன்னால சொல்லணுமாமே, நெசமா?” என்று கேட்டார்கள். மேல்மாடி அம்மையாரிடம் எல்லாவற்றையும் விசாரித்திருக்கிறார்கள்!

அவர்கள் கேட்டது முற்றிலும் சரி. கூட்டிக்கொள்ள இச்சமயம் இடங்கொடாது. ஒன்றைப் பிடித்தால் மற்றதை விடவேண்டும். அவசரமாகச் சேர்த்துக்கொள்ளவும் மாட்டார்கள். 1972-ல் ரோமாபுரி வெளியிட்ட முறைப்படி, வயதுவந்தவர்கள் பல மாதம் உபதேசம் கேட்டு, படிப்படியாக ஏற்கப்பட்டு, உயிர்ப்புப் பெருநாளின் முந்திய இரவிலேயே ஞானஸ்நானம் பெறுவார்கள். அந்த இரவில் எதை விடுகிறோம் என்று எல்லாருக்கும் முன் கேட்பார்கள். வாயால் பதில் சொல்லவேண்டும். மாரியம்மனை நான் தெய்வமென்று நம்பினவனல்லன். நம்பாததை விட்டேன் என்று சொல்வதில் என்ன கஷ்டம் என்று நண்பர் கேட்பார். ஆனால் அச்சொல் என் வாயிலிருந்து வரும்போது, நான் விடுவது சிலையையா, பால்குடத்தோடு வெயிலில் நடந்தவர்களையா? இதைப் பிரித்தறியும் திறமை எனக்கு இன்னும் வரவில்லை.

சென்ற ஞாயிறு, தானும் வருவதாகத் தாயார் பிடிவாதம் செய்தார்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு கடைசிப் பெஞ்சியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்து, விசிறிக் காற்று படும்படி நகர்ந்து இடம் விட்டார். நற்கருணைக்கு எல்லாரும் வரிசையில் எழுந்து போனபோது, “நீ போகலையா?” என்றார்கள். எனக்கு இன்னும் உரிமையில்லை என்றேன். “அப்ப ரெண்டு பேரும் இங்கேயே இருப்போம்” என்று சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

உபதேசியார் கொடுத்த படிவம் மேஜைமேல் கிடக்கிறது. பெயர் எழுதியிருக்கிறேன், கையெழுத்துப் போடவில்லை. வியாழக்கிழமை வகுப்புக்குப் போய்வருகிறேன்.