செயலாளர் இல்லாத நவம்பர்

நவம்பர் 3

எங்கள் மெட்ராஸ் ரெஜிமென்ட் முன்னாள் படைவீரர் சங்கத்தின் செயலாளர் கேப்டன் சாப் போய்விட்டார். விடியற்காலை நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. வயது 74.

மாலையில் எடுத்தோம். இளையவர்கள் சிலர் தேசியக் கொடி போர்த்த வேண்டும் என்று நின்றார்கள். அரசு மரியாதையோ ராணுவ மரியாதையோ உள்ள இறுதிச் சடங்குக்குத்தான் அது என்று எங்களுக்குச் சொல்லித்தந்தவரே அவர்தான். போர்த்தவில்லை. யானைச் சின்னம் வைத்த அவர் தொப்பியை நெஞ்சின்மேல் வைத்து சல்யூட் அடித்தோம். யாரோ எங்கள் போர்முழக்கத்தை எடுத்து ‘வீர மதராசி’ என்று குரல் கொடுத்தார்கள். ‘அடி கொல்லு’ என்று திருப்பிச் சொல்ல எனக்குத் தொண்டை திறக்கவில்லை.

நவம்பர் 4

கடை திறக்கவில்லை. யாரோடும் பேசவில்லை.

நவம்பர் 8

பத்தாம் நாள் காரியம்கூட ஆகவில்லை, அதற்குள் போன் மேல் போன். “அடுத்த செயலாளர் யாருப்பா? என் லைஃப் சர்டிஃபிகேட்டை யார் போடுவாங்க?” ஒருவரிடம் கத்திவிட்டேன். பிறகு யோசித்தால், அவர்களும் என்ன செய்வார்கள்? நவம்பர், ஆயுள் சான்று போடும் மாதம். இப்போது பென்ஷன் ‘ஸ்பர்ஷ்’ இணையதளம் வழியாக நேரே கணக்குக்கு வருகிறது. முன்பு போலப் பழகிய பேங்க் மேனேஜரிடம் போய் நிற்க முடியாது. சான்று அதில் ஏறவில்லை என்றால் பணம் நின்றுவிடும். சாப் இருந்தவரை எங்கள் சங்கத்தில் ஒருவருக்கும் அப்படி நின்றதில்லை. அவர் எங்களுக்கு வெறும் செயலாளர் இல்லை. சுபேதார் மேஜராக ஓய்வு பெற்று, கௌரவ கேப்டன் பட்டம் வாங்கி ஊருக்கு வந்தவர் ஒரு நாளும் ஓய்வு எடுக்கவில்லை.

நவம்பர் 12

இன்று என்னால் ஆயுள் சான்று போட முடிந்தது ஒரே ஒருவருக்கு.

71 போரில் 16 மெட்ராஸில் இருந்தவர். பசந்தர் ஆற்றைத் தாண்டி சராஜ் சக்கைப் பிடித்த பட்டாலியன் அது. பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். கைரேகைக் கருவியோடு போனேன். கட்டைவிரலைத் துடைத்து வைத்தேன், ஏறவில்லை. மற்ற விரல்களும் ஏறவில்லை. மண்வெட்டி பிடித்துப் பிடித்து ரேகை மழுங்கிவிட்டது. கடைசியில் போனில் முகத்தைக் காட்டும் முறை. வட்டத்துக்குள் முகம் வந்ததும் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது. இடது இமை மூடுகிறது, வலது மூடவில்லை. “சிமிட்டுங்க அண்ணே, இன்னொரு தரம்” என்று நானும் மருமகளும் மாற்றி மாற்றிச் சொன்னோம். வெளிச்சம் போதவில்லை என்று கட்டிலையே வாசலுக்கு இழுத்தோம். முக்கால் மணி நேரம் கழித்துப் பச்சை டிக் வந்தது.

அவர் என்னை விடவில்லை. கண்ணிவெடி புதைத்த நிலத்தில் முன்னால் போனவன் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்துப் போனதைக் குழறிக் குழறிச் சொன்னார். பிறகு, “கேப்டன் சாப் ஏன் வரல?” என்று கேட்டார். வீட்டில் சொல்லவில்லை போலிருக்கிறது. மருமகள் என்னைப் பார்த்தாள். “ரெக்கார்ட்ஸ் வேலையா வெலிங்டன் போயிருக்கார் அண்ணே” என்றேன்.

நவம்பர் 13

தூக்கம் வரவில்லை.

நவம்பர் 19

சாப் நம்பரை இன்னும் பலரும் அழைக்கிறார்களாம். அந்த போனை நிறுத்தச் சொல்லலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். நான் உட்கார்ந்திருக்கும்போதே மணி அடித்தது. சாப்பின் மனைவி எடுத்தார், எங்களுக்கெல்லாம் அம்மா. மறுமுனையில் யாரோ நாயக்கின் மனைவி. “உன் பேரு டிஸ்சார்ஜ் புக்குல செல்வின்னும் ஆதார்ல செல்வராணின்னும் இருக்குல்ல? அதுக்குத்தான் அஃபிடவிட் போட்டு ரெக்கார்ட்ஸுக்கு அனுப்பியிருக்கு. ரசீது உன்கிட்ட இருக்கும், பாரு” என்றார். புத்தகமும் இல்லை, குறிப்பும் இல்லை. இத்தனை வருஷம் சமையலறையில் நின்றபடியே எல்லாப் போனையும் கேட்டிருக்கிறார்.

“தினம் பத்துப் பேராவது கூப்பிடறாங்க தம்பி. எடுக்காம எப்படி இருக்கறது?”

போனை நிறுத்தும் பேச்சை எடுக்கவில்லை.

நவம்பர் 21

அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்கு நாங்கள்தான் அலைய வேண்டும் என்று நானும் துணைத்தலைவரும் போனோம். பீரோவிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தார். ஓய்வூதிய ஆணை (பி.பி.ஓ.) நகல், இருவரும் சேர்ந்த போட்டோ, ஆதார், பான், கூட்டுக் கணக்குப் பாஸ்புக். கவரின் மேல் சாப் கையெழுத்தில், ‘இறப்புச் சான்று மட்டும் சேர்க்கவும்’. பெயர், பிறந்த தேதி எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது. கடைசிச் சம்பளத்தில் பாதியாக வந்தது இனி 30 சதவீதமாகும். அதையும் ஒரு தாளில் கணக்குப் போட்டு, மாதச் செலவுக்கு எப்படி ஒதுக்குவது என்றுகூட எழுதியிருந்தார்.

வரும் வழியில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நாங்கள் செய்ய ஒன்றையாவது விட்டுவைத்திருக்கக் கூடாதா?

டிசம்பர் 4

ரெஜிமென்ட் நாள். 1758இல் மதராஸ் சிப்பாய்களைப் பட்டாலியனாகக் கட்டிய நாள். வழக்கமான படாகானா விருந்து வேண்டாம், சர்க்கரைப் பொங்கல் மட்டும் போதும் என்று முடிவு செய்திருந்தோம். சமையல்காரரோ பழக்கத்தில் ஆட்டுக்கறிக்குச் சொல்லிவிட்டார். எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். நானும்தான். பழைய கதைகளில் இரண்டு முறை வாய்விட்டுச் சிரித்தேன்.

பிறகு செயலாளர் தேர்தல் பேச்சு. ஒருவரும் முன்வரவில்லை. மாவட்டச் சங்கத்தோடு சேர்ந்துவிடலாம் என்றார் துணைத்தலைவர். அங்கே எல்லா ரெஜிமென்ட்டும் உண்டு, எங்கள் விதவைகளின் வீட்டு வாசலுக்கு யார் போவார்கள் என்று கேட்டேன். “அப்போ நீயே இரு” என்றார்கள். வாயை மூடிக்கொண்டேன். அம்மாவைக் கமிட்டியில் சேர்க்கலாமா என்று ஒரு நாயக் மெதுவாகக் கேட்டார். விதியில் இடமில்லை, படையில் இருந்தவர்தான் உறுப்பினர், குடும்பத்தாருக்கு ஓட்டு கிடையாது. விதியை மாற்றப் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும். பாதிப் பேர் ‘ம்’ என்றார்கள், பாதிப் பேர் செருப்பைத் தேடினார்கள்.

டிசம்பர் 7

படைவீரர் கொடி நாள். உண்டியலோடு பஸ் ஸ்டாண்டில் நின்றேன்.

டிசம்பர் 16

பொதுக்குழுத் தேதி இன்னும் முடிவாகவில்லை. அது வரைக்கும் சுற்றறிக்கையாவது போகட்டும் என்று எழுதினேன். அம்மா படித்துப் பார்த்து இரண்டு இடத்தில் திருத்தினார்:

சகோதரர்களே, உங்கள் டிஸ்சார்ஜ் புக்கையும் மனைவியின் ஆதாரையும் இந்த வாரமே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயரிலோ பிறந்த தேதியிலோ ஓர் எழுத்து, ஓர் எண் மாறியிருந்தாலும், நீங்கள் இருக்கும்போதே வெலிங்டன் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதிச் சரிசெய்யுங்கள். பின்னால் அவர்களை அலையவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் செயலாளரின் பழைய எண்ணிலேயே அழைக்கலாம்.