டோவர் பாறைக்குள் ஒரு காது

இங்கிலாந்தின் டோவர் ஊரிலிருந்து மேட்டுக்கு ஏறியதும் கண்ணில் படுவது கடலை விடத் துறைமுகம்தான். பிரான்சுக்குப் போகும் கப்பல்களின் வாய்க்குள் லாரிகள் வரிசையாக நுழைகின்றன. கொஞ்ச தூரம் கிழக்கே நடந்தால் அந்த இரைச்சல் அடங்கிவிடும். பிறகு புல், காற்று, இடப்பக்கம் மேயும் எக்ஸ்மூர் மட்டக்குதிரைகள், வலப்பக்கம் எதுவுமே இல்லை. வேலி கிடையாது. விளிம்புக்குக் கீழே நூறு மீட்டர் செங்குத்தான வெள்ளைச் சுவர், அதன் அடியில் அலை.

சுவரில் குறுக்கே ஓடும் கறுப்புக் கோடுகள் சிக்கிமுக்கிக் கற்கள். மற்றதெல்லாம் டைனோசர் காலத்துக் கடலில் மிதந்த, கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் ஓடுகள். விரலால் தேய்த்தால் பள்ளிக்கூடச் சாக்பீஸ் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. இவ்வளவு மெத்தென்ற பாறையை நம்பி அதற்குள் படைவீரர்கள் எப்படிக் குடியிருந்தார்கள் என்று அப்போதே தோன்றியது.

குடியிருந்தார்கள் என்பதற்குச் சாட்சி ஃபேன் பே சுரங்கம். 1940 கோடையில் பிரான்ஸ் வீழ்ந்ததும் ஜெர்மானியர்கள் எதிர்க்கரைக்கே வந்துவிட்டார்கள். இடையில் 33 கிலோமீட்டர் கடல்தான். பகைவரின் கப்பல்கள் கண்ணெதிரே உலவுவதைப் பார்த்துப் பிரதமர் சர்ச்சில் கொதித்துப்போனார். இந்த மேட்டுக்குப் பீரங்கிகள் வந்தன. பீரங்கிப் படையினர் பதுங்குவதற்காகப் பாறைக்குள் 23 மீட்டர் ஆழத்தில் ஒரு தங்குமிடம் குடையப்பட்டது.

தலைக்கவசமும் நெற்றி விளக்கும் மாட்டி 125 படிகள் இறங்கினோம். கீழே வளைந்த இரும்புச் சட்டங்கள், துருவேறிய நெளித்தகடு, ஈர வாசனை. 185 பேர் வரை இங்கே தங்கலாமாம். தகடு கழன்ற இடங்களில் வெள்ளைச் சுவர் தெரிகிறது. அதில் ஆணியால் கீறிய பெயர்களும் கேலிப் படங்களும். சில எழுத்துகள் தேர்ந்த சிற்பியின் கைவண்ணம் போல அவ்வளவு அழகு. வேறு சில, குண்டு விழுமோ விழாதோ என்று காத்துக்கிடந்த பையன்களின் கிறுக்கல். போர் என்றால் சண்டை என்று நினைக்கிறோம். இந்தச் சுவரைப் பார்த்தால் பாதி போர் சலிப்பில்தான் கழிந்திருக்கும் போல.

போருக்குப் பின் இதை மூடினார்கள். 1970களில் வாசலே தெரியாதபடி மண்ணைக் கொட்டினார்கள். 2012இல் பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு இந்த நிலத்தை வாங்கிய பிறகுதான் தன்னார்வலர்கள் கிட்டத்தட்ட 100 டன் இடிபாட்டை அள்ளி வெளியேற்றினார்கள். 2015இல் மக்களுக்குத் திறந்தார்கள்.

சுரங்கத்தின் மறு வாசலில் வெளிச்சத்துக்கு வந்தால் பாறைச் சரிவில் பதிந்த இரண்டு பெரிய கான்கிரீட் குழிக் கிண்ணங்கள் கடலைப் பார்த்து நிற்கின்றன. ஒலிக் கண்ணாடிகள். 15 அடி விட்டமுள்ளது முதல் உலகப் போரின்போது, 1917இல் அமைந்தது. 20 அடியுள்ளது அதற்குப் பிந்தையது. தொலைவில் வரும் விமானத்தின் உறுமல் கிண்ணத்தில் பட்டுத் திரும்பி ஒரு புள்ளியில் குவியும். அங்கே ஊதுகுழல் வடிவிலான ஒரு கருவியை அங்கும் இங்கும் நகர்த்தி, குழாய் வழியே ஒருவர் காதில் வாங்குவார். சத்தம் எந்த இடத்தில் உச்சமோ, அதை வைத்து விமானம் வரும் திசையைச் சொல்லிவிடலாம். கண்ணுக்குத் தெரியுமுன் கிடைக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் டோவர்க்காரர்களுக்கு உயிர்.

கிண்ணத்தின் முன்னால் மெல்ல நகர்ந்து பார்த்தேன். ஓரடி இந்தப் பக்கம் வெறும் காற்று. ஓரடி அந்தப் பக்கம், அலையோசை திடீரென்று தடித்து யாரோ காதுக்குள் பேசுவதுபோல் ஆகிவிட்டது. மின்சாரமோ கம்பியோ எதுவும் இல்லை, வெறும் வளைவு! இங்கிலாந்தில் நான் பார்த்த பொறியியல் வேலைகளில் இதற்கு ஈடாக எதையும் சொல்லமாட்டேன்.

விமானங்களின் வேகம் கூடியதும் கேட்பதற்கும் தப்பிப்பதற்கும் இடையிலான நேரம் சுருங்கிவிட்டது. 1930களில் ரேடார் வந்தது. அப்போது எழுப்பிய ஸ்விங்கேட் இரும்புக் கோபுரங்களில் சில, மேட்டுக்குப் பின்னால் இன்றும் தெரிகின்றன. ஆனால் பீரங்கிக் குண்டை யாராலும் முன்கூட்டிக் கேட்க முடியவில்லை. பிரான்ஸ் கரையிலிருந்து 2,000க்கும் மேற்பட்ட குண்டுகள் டோவரில் விழுந்தன. 1944 செப்டம்பரில் கனடியப் படை அந்தப் பீரங்கிகளைப் பிடித்த பிறகுதான் ஊர் நிம்மதியாகத் தூங்கியது.

பாதை ஒரு கலங்கரை விளக்கத்தில் முடிகிறது. நீங்கள் போவதானால் மழை பெய்த மறுநாள் வேண்டாம். நனைந்த சுண்ணாம்பு சோப்பைவிட வழுக்கும். விளிம்புக்கு ஐந்து மீட்டராவது தள்ளியே நடங்கள். பாறை இன்னும் உதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது.