நாலாவது பிணம்

1987. பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். துப்பறியும் நாவல் என்றால் பைத்தியம். எங்கள் காலனிக்கும் ஊருக்கும் நடுவில் இருந்த சைக்கிள் கடையில் மாத நாவல்களை வாடகைக்குக் கொடுப்பார்கள். கடைசிப் பக்கம் கிழிந்த புத்தகம் என்றால் பாதிக் காசு. ராஜேஷ்குமாரின் விவேக், சுபாவின் நரேந்திரன், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுஜாதாவின் கணேஷ், வசந்த் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. அவர்களுக்கு நான் யாருமில்லை என்பது அப்போது உறைக்கவில்லை. நான் படித்த கதைகளில் செத்தவருக்குப் பெரும்பாலும் பங்களா இருக்கும். நம்ம சனம் என்று யாராவது வந்தால் தோட்டக்காரராக, வாட்ச்மேனாக வருவார். காபி கொண்டுபோகும் வேலைக்காரி பிணத்தைப் பார்த்து 'வீல்' என்று அலறுவாள். அலறியதோடு அவள் வேலை முடிந்துவிடும்.

அந்த வருசம் கரும்பு வெட்டு சமயம். அப்பாவின் தங்கச்சி, என் அத்தை, வேலைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. மறுநாள் வாய்க்காலில் கிடந்தாள். போலீசு பாலத்தை விட்டு இறங்கவில்லை. "குடிச்சிட்டு உழுந்திருப்பாளா?" என்று மேலே நின்றே கேட்டார்கள். அத்தை குடிக்க மாட்டாள். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174, சந்தேக மரணம் என்று எழுதினார்கள். பிறகு தவறி விழுந்து செத்தாள் என்று முடித்தார்கள்.

ஆனால் அத்தையின் தூக்குவாளியை நான் பார்த்திருந்தேன். முந்தின ராத்திரி தேடிப் போனபோது அது பம்புசெட்டுக் கொட்டகை வாசலில் கிடந்தது. அங்கிருந்து வாய்க்கால் ரெண்டு வயல் தள்ளி. விடிந்து போய்ப் பார்த்தால் தூக்குவாளி இல்லை. நரேந்திரனுக்கு அந்தத் தூக்குவாளி ஒன்றே போதும். நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். "அது யாரு பம்புசெட்டுன்னு தெரியுமில்ல? நாளைக்கு அவங்க காட்டுக்குத்தான் வேலைக்குப் போவணும். நீ ஒண்ணும் பாக்கலடா."

"யாராச்சும் எதாச்சும் பாத்தீங்களா?" என்று ஏட்டு கேட்டபோது சேரியே தரையைப் பார்த்து நின்றது. நானும் நின்றேன். அதற்கப்புறம் அந்த சைக்கிள் கடைப் பக்கம் நான் போகவில்லை.

பல வருசம் கழித்து, சென்னையில் ஒரு நடைபாதைக் கடையில் வால்டர் மோஸ்லி என்ற கறுப்பு எழுத்தாளரின் நாவல் கிடைத்தது. பெயர் 'ஒயிட் பட்டர்ஃப்ளை'. 1992இல் வந்தது. ராட்னி கிங்கை அடித்த போலீசாரை விடுவித்ததற்காக லாஸ் ஏஞ்சல்ஸ் பற்றி எரிந்த அதே வருசம். அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன்.

கதை நடப்பது 1956இல், அதே லாஸ் ஏஞ்சல்சில், கறுப்பர் வாழும் பகுதியில். மூன்று கறுப்புப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்படுகிறார்கள். நகரம் அசையவில்லை. நாலாவதாகச் செத்தவள் வெள்ளைக்காரப் பெண், பல்கலைக்கழக மாணவி. உடனே மேலிடம் வரைக்கும் பதறுகிறது. போலீசு ஈஸி ராலின்சை நெருக்குகிறது. ஈஸி கறுப்பன், போரிலிருந்து திரும்பியவன். சொந்தமாகக் கட்டடங்கள் வைத்திருந்தும் வெளியே அங்கே கூட்டிப் பெருக்குகிறவன் மாதிரி நடிப்பவன். போலீசுக்கு வாய் திறக்காத சனம் அவனிடம் பேசும். அதுதான் அவர்களுக்கு வேண்டும்.

எனக்குக் கொலைகாரன் யார் என்பது பெரிதாகப் படவில்லை. தொடர் கொலை என்கிறோமே, அது எப்போது தொடர் ஆகிறது? ஒருவர் எண்ணும்போதுதான். மூன்று கறுப்புப் பெண்கள் மூன்று தனித்தனிச் சாவுகள். வெள்ளைக்காரி செத்த பிறகுதான் அவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று ஆனார்கள்.

இது கற்பனை மட்டுமல்ல. அதே நகரத்தின் தெற்குப் பகுதியில் 1985 முதல் கறுப்புப் பெண்கள் சுடப்பட்டும் நெரிக்கப்பட்டும் செத்தார்கள். போலீசு ஊரை எச்சரிக்கவில்லை. மார்கரெட் பிரெஸ்காட் என்ற கறுப்புப் பெண்ணும் தோழியரும் அமைப்பு கட்டி, தெருவில் இறங்கி, செத்தவர்களை எண்ணினார்கள். லானி பிராங்க்ளின் கைதானது 2010இல். பத்துக் கொலைகளுக்குத் தண்டிக்கப்பட்டது 2016இல். அந்த நகரத்து நீதித்துறை அதிகாரிகள் வேலையற்ற கறுப்பு இளைஞர்களின் வழக்குகளுக்கு 'என்.எச்.ஐ.' என்று குறிச்சொல் வைத்திருந்ததைப் பற்றி சில்வியா விண்டர் எழுதினார். இதில் மனிதர் எவரும் சம்பந்தப்படவில்லை என்று அர்த்தம். நமக்கு அந்தக் குறிச்சொல் 174.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும் என்று 1995 விதிகள் சொல்கின்றன. ஆனால் தவறி விழுந்தாள் என்று எழுதிவிட்டால் அந்தச் சட்டத்தின் வாசலைக்கூட மிதிக்க முடியாது. 2024 ஜூலையிலிருந்து 174 புதிய சட்டத்தில் 194 ஆகிவிட்டது. எண் மாறியிருக்கிறது.

நாவலை முடித்த பிறகு ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி திண்ணையில் அம்மாவிடம் கேட்டேன். "அன்னிக்கு ஏம்மா என் வாயப் பொத்துன?"

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "ஒன்னையும் சேத்து எண்ண வேணாம்னுதான்டா" என்றாள்.

"என்னம்மா எண்ண?"

விரலை மடக்கினாள். "நான் வாக்கப்பட்டு வந்த வருசம் கெணத்துல ஒருத்தி. புயலடிச்ச வருசம் கரும்புக்குள்ள ஒருத்தி. அப்புறம் ஒங்கத்த. எல்லாம் அந்தக் காட்டுக்கு வேலைக்குப் போனவளுங்கதான்."

எனக்கு உடம்பு சிலிர்த்துப் போனது. ஒரு தூக்குவாளியைப் பார்த்ததற்கே என்னை நான் துப்பறிவாளன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாவிடம் மொத்தக் கணக்கும் இருந்திருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை. எங்கள் வாய்க்காலில் நாலாவதாக ஒரு வெள்ளைக்காரி விழவில்லை.

அந்த மூணு பேரையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தேதி தெரியாது, வெள்ளாமையை வைத்துத்தான் வருசம் குறித்திருக்கிறேன். கோர்ட்டுக்கு இது செல்லாது என்று வக்கீல் தோழர் சொன்னார். இருக்கட்டும்.

உங்கள் வீட்டுக் கிழவிகளைக் கேளுங்கள். விரல் மடக்கி அவர்களும் எண்ணி வைத்திருப்பார்கள்.