அவுரியும் காதற் கம்பளமும்

திண்டிவனத்தைச் சூழ்ந்த சிற்றூர்கள் சிலவற்றில் இன்றும் அவுரி பயிராகின்றது. அதன் பசிய தழையைக் காண்போர், அதனுள் நீலம் உறைந்திருத்தலை எளிதில் அறியார். அறுத்த தழையைத் தொட்டி நீரில் அமிழ்த்தி ஊறவைப்பர். அஃது ஊறிப் புளித்தபின், நீரை மட்டும் வேறொரு தொட்டிக்கு இறக்கி, ஆட்கள் உள்ளே நின்று கால்களால் உதைத்துக் கலக்குவர். காற்றுக் கலக்குந்தோறும் மஞ்சட்பச்சை மறைந்து நீலம் தோன்றும். அடியில் தங்கும் வண்டலைக் காய்ச்சித் துணியில் வடித்து, அழுத்தி, கட்டிகளாக அறுத்து உலர்த்துவர். வேலை கடினமானது, நாற்றமும் பொறுத்தற்கரியது.

விழுப்புரமும் திண்டிவனமும் அடங்கியிருந்த பழைய தென்னார்க்காடு, 19ஆம் நூற்றாண்டில் அவுரிக்குப் பேர்பெற்ற சீமை. இந்திய நீலம் அதற்கும் நெடுங்காலம் முன்பிருந்தே கடல் கடந்து பாரசீகம் சென்றது. சரக்கோடு பெயரும் சென்றது. பாரசீகரும் அதனை 'நீல்' என்றே வழங்கினர்.

அந்நாட்டின் குராசான் பகுதியில் ஆடு மேய்த்துத் திரிந்த பலூச்சியரிடையே கம்பளம் நெய்தல் மகளிர் தொழில். தரையில் முளையடித்துப் படுக்கையாகக் கட்டிய தறியில் நெய்வர். இடம் பெயரும்பொழுது தறியைச் சுருட்டிக்கொள்ளலாம். அவர்தம் கம்பளங்களிற் பெரும்பாலனவற்றில் கட்டமும் கோணமுமே காணப்படும். மிகச் சிலவற்றிலேயே மனித உருவங்கள் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் கஞ்சா நகரத்து நிசாமி பாடிய காதற்கதைகள் பாரசீகத்தில் கல்லச்சு நூல்களில் படங்களோடு பரவின. அப்படங்கள் கம்பளங்களிலும் இடம்பெற்றன. காட்டு விலங்குகள் சூழ அமர்ந்த மஜ்னூன், அவனைக் காணவந்த லைலா, ஷிரீனுக்காக மலையைக் குடைந்த பர்ஹாத் என உருவங்கள் நூல்முடிச்சுகளாய் மாறின. சில முடிச்சுகளே கண். சில முடிச்சுகளே வாய். முகங்கள் கோணலாயிருப்பதைக் கண்டு நகைப்பவர், முடிச்சை எண்ணி வளைகோடு வரைதலின் அருமையை அறியாதவரே.

1897இல் செருமனியிலிருந்து இரசாயன நீலம் மலிவாக வந்தது. அவுரி வயல்கள் சுருங்கின. உழவர் வேறு பயிருக்கு மாறினர்.

பழங்கம்பளங்களிலோ ஒரு விந்தை உண்டு. உருவங்களின் எல்லையை வரைவது பெரும்பாலும் கறுப்பு அல்லது கரும்பழுப்பு நூல். இரும்பும் துவர்ப்புச் சாறும் சேர்த்து ஏற்றிய அச்சாயம் நாளடைவில் கம்பளியையே அரித்துவிடும். அவுரிச் சாயம் அவ்வாறு அரிப்பதில்லை. நூறாண்டு கடந்த கம்பளத்தைக் கையால் தடவினால், மஜ்னூனைச் சுற்றிய கருங்கோடு பள்ளமாகத் தட்டுப்படும். அவனைச் சூழ்ந்த நீலம் மேடிட்டு நிற்கும்.