அம்மாவுக்குக் கோலாலம்பூரில் என்ன வேலை?

"எனக்கு அங்க என்னா வேல?"

பிள்ளைகளைக் கோலாலம்பூருக்கு அழைத்துப் போகிறோம், நீங்களும் வாங்கம்மா என்று கூப்பிட்டபோது அம்மா கேட்ட கேள்வி இது. அசாம் ஜாவாவிலிருந்து கோலாலம்பூர் அப்படி ஒன்றும் தூரமில்லை. வானொலி வேலைக்காக வாரத்தில் ஐந்து நாள் விடியற்காலையில் அந்தச் சாலையில் போய்த் திரும்புகிறேன். அம்மா மட்டும் அப்பா தவறிய பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. தைப்பூசத்துக்குப் பத்துமலை போவார். அது கணக்கில் வராது, அது முருகன் வீடு.

யோசித்துப் பார்த்தால் கேள்வி நியாயமானதுதான். எங்கள் தோட்டத்து மக்கள் வேலையில்லாமல் கோலாலம்பூர் போனதில்லை. தீபாவளிக்குத் துணி எடுக்க மஸ்ஜித் இந்தியா போவார்கள். பத்திரம், அடையாளக் கார்டு என்று ஏதாவது சிக்கல் வந்தால் அரசாங்க அலுவலகம். உடம்புக்கு முடியாமல் போனால் பெரிய ஆஸ்பத்திரி. சும்மா சுற்றிப் பார்க்கப் போவது கிராணி வீட்டுப் பிள்ளைகளுக்கு. லயத்துப் பிள்ளைகளான எங்களுக்கு அது ஆண்டிறுதிப் பள்ளிச் சுற்றுலாவோடு சரி.

கடைசியில் என் மகள்தான் சாதித்தாள். மூன்று வயது. "பாட்டி வரலன்னா நானும் வரல" என்று வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் போட்ட திட்டத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. தேசிய அருங்காட்சியகம், பெட்ரோசைன்ஸ், இரட்டைக் கோபுரம், பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு, முடிந்தால் மிருகக்காட்சிசாலை. எல்லாம் ஒரே நாளில்! நிகழ்ச்சியில் நிமிடத்துக்கு நிமிடம் கணக்குப் போட்டுப் பழகியவளின் புத்தி. ஆறு வயதும் மூன்று வயதும் அந்தக் கணக்குக்குள் அடங்குமா?

காரில் நகருக்குள் போகவில்லை. புக்கிட் ரோத்தான், ஈஜோக் வழியாகச் சுங்கை பூலோ வரை கார், அங்கே அதை நிறுத்திவிட்டு எம்ஆர்டி. புத்ராஜெயா தடம் 2023 மார்ச்சில் முழுமையாகத் திறந்த பிறகு எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது பெரிய வசதி. சுங்கை பூலோவில் ஏறினால் எங்கும் மாறாமல் பெர்சியாரான் கேஎல்சிசி நிலையத்திலேயே இறங்கலாம். கார் நிறுத்த இடம் தேடி மூன்று சுற்று சுற்றும்போது பின்னால் ஒரு பிள்ளை அழும், இன்னொன்று ஒன்றுக்கு வருகிறது என்னும். அந்த வேதனை இல்லை.

இரட்டைக் கோபுரத்தைவிட ரயில்தான் பெரிய வேடிக்கை என்பது ஏறிய இரண்டாவது நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஓட்டுநர் இல்லாத ரயில் அது. முன்பக்கக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்ற என் மகன், "ம்மா, டிரைவர் எங்க?" என்று கேட்டான். இல்லை என்றதும் அவனே ஓட்ட ஆரம்பித்துவிட்டான். கெப்போங் தாண்டும்வரை அவன்தான் டிரைவர். தங்கச்சி டிக்கெட் பரிசோதகர். ஜாலான் ஈப்போ நிலையம் தாண்டியதும் ரயில் சுரங்கத்துக்குள் இறங்கியது. பெட்டியில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி இருவரும் கத்தினார்கள். பெற்றோருக்கு ஒரு சின்ன யோசனை: முதல் பெட்டியில் ஏறுங்கள். போகும் திசையைக் கேட்டுக்கொண்டு நடைமேடையின் முனைக்குப் போய் நில்லுங்கள்.

தித்திவங்சா தாண்டியது. அடுத்த நிலையத்தின் பெயரை அறிவிப்புக் குரல் மலாயில் சொன்னது: ஹோஸ்பிட்டல் கோலாலம்பூர்.

குரல் என் தொழில். ஏற்ற இறக்கமில்லாத, யாருக்கும் சேதி எதுவும் வைத்திருக்காத குரல் அது. ஆனாலும் அம்மாவின் கை, மடியில் இருந்த சோற்றுப் பையை இறுகப் பிடித்ததைப் பார்த்தேன். 2006-இல் அப்பா அங்கே பதினாறு நாள் படுத்திருந்தார். அம்மா தினமும் பால் வெட்டு முடித்து, குளித்து, பஸ் பிடித்து, மாறி, பார்வை நேரத்துக்குப் போய்ச் சேர்வார். பதினேழாவது நாள் போகவேண்டிய அவசியம் இல்லாமல் போனது. எனக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் தினமும் வேலைக்குப் போய் வரும் ஊர் என்பதால், அம்மாவுக்குக் கோலாலம்பூர் என்றால் அந்த ஒரு கட்டடம்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கதவு திறந்தது, ஆட்கள் இறங்கினார்கள், கதவு மூடியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கேஎல்சிசி பூங்காவில் நுழைந்ததும் என் திட்டம் முடிந்துபோனது. பிள்ளைகள் விளையாட்டுத் திடலைப் பார்த்தார்கள், அதன் பக்கத்தில் கணுக்கால் அளவுத் தண்ணீர்க் குளத்தைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். 452 மீட்டர் உயரமும் 88 மாடியும் கொண்ட கோபுரங்கள் தலைக்கு மேலே நின்றன. மகன் ஒருமுறை அண்ணாந்து பார்த்து, "செம்பன மரத்தவிட உசரம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் ஓடினான். அவனுக்குத் தெரிந்த உயரம் அதுதானே. நாட்டிலேயே வணிகத்துக்காக முதலில் செம்பனை நட்டது எங்கள் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில், 1917-இல். கோபுரத்துக்கு அது கொள்ளுப் பாட்டி முறை.

ஐம்பது ஏக்கர் பூங்கா, நுழைவுக் கட்டணம் கிடையாது. பிரேசில் நாட்டு ரோபர்ட்டோ புர்லே மார்க்ஸ் வடிவமைத்தது. அதற்கு முன் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இந்த இடம் குதிரைப் பந்தயத் திடலாக இருந்தது. இதை அம்மாவிடம் சொன்னதும் முகம் மாறியது. "இங்கதானா அது? எங்க பெரிய கிராணி சம்பளத்த முழுசா விட்டுட்டு வருவாரே, அந்த எடமா?" என்று சுற்றுமுற்றும் பார்த்துச் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அதுதான் முதல் முறை.

மரத்தடியில் பாய் விரித்தோம். அம்மா கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறும் அவித்த முட்டையும் இருக்க, வாழை இலைச் சாப்பாட்டை யாரும் தேடவில்லை. அம்மா குளத்து விளிம்பிலேயே உட்கார்ந்துகொண்டார். பேத்தி தண்ணீரை வாரி இறைக்க, சேலை முழங்கால் வரை நனைந்தது. நகரவில்லை. "ஒன்ன இந்த வயசுல நான் பகல்ல பாத்ததே இல்ல" என்றார் திடீரென்று. உண்மைதான். இருட்டோடு பெரட்டுக்குப் போகும்போது என்னை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். தூக்கம் கலையாத என்னைத் துணியோடு கொடுத்துவிட்டுப் போனதாகச் சொல்வார். இன்று நான் செய்வதும் ஏறக்குறைய அதுதான். விடியற்காலை நிகழ்ச்சிக்குக் கிளம்பும்போது என் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள், அம்மாதான் எழுப்பிப் பாலர் பள்ளிக்கு அனுப்புகிறார். இதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மகன் வழுக்கி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டான்.

மாலை மூன்றரைக்கு மழை. கோலாலம்பூர் மழை சொல்லிக்கொண்டு வராது. சூரியா கேஎல்சிசிக்குள் ஓடினோம். நனைந்த பிள்ளைகளுக்கு அந்தக் குளிர்சாதனம் ஆகாது, மாற்றுத் துணி இரண்டு செட் எடுத்துப் போங்கள். பெட்ரோசைன்ஸ் வாசல் வரைகூடப் போகவில்லை. அருங்காட்சியகம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஐந்து இடத்துக்குத் திட்டம், பார்த்தது ஒன்று. என் கணவர் மைலோ வாங்கிக் கொடுத்துக்கொண்டே, "நல்லவேள, அஞ்சும் பாக்கல" என்றார்.

திரும்பும் ரயிலில் பேத்தி பாட்டி மடியில் தூங்கிவிட்டாள். டிரைவர் என் தோளில். அதே குரல் அதே நிலையத்தின் பெயரைச் சொன்னது. கதவு திறந்தது. அம்மா இந்தமுறை நடைமேடையை எட்டிப் பார்த்தார்.

"வாசல் பக்கத்துல ஒரு பெரிய மரம் இருந்திச்சு. அதுக்குக் கீழதான் உக்காந்து சோறு திம்பேன். இருக்கா இல்லியான்னு தெரியல" என்றார்.

கதவு மூடியது.

"அடுத்த தடவ எறங்கிப் பாப்போமாம்மா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. செந்துல் தாண்டி, ரயில் வெளிச்சத்துக்கு ஏறி வந்த பிறகு பதில் வந்தது. "பாப்போம். அப்புறம் பிள்ளைங்கள இங்கயே கூட்டியாந்து தண்ணில விடணும்."

அடுத்த பள்ளி விடுமுறைக்குத் தேதி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.