கென்ட் நகரத்துக் கோழி சூப்

பெல்ஜியம் என்றால் நம் வீடுகளில் முதலில் ஞாபகத்துக்கு வருவது நிலைக்கண்ணாடிதான். "பெல்ஜியம் கண்ணாடியாக்கும், பாட்டி காலத்துச் சாமான்" என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறோம். அந்தத் தேசத்துக்குப் போய்விட்டு வந்து நான் எழுதப் போவது கண்ணாடியைப் பற்றி அல்ல, சாக்லேட்டைப் பற்றியும் அல்ல. ஒரு சூப்பைப் பற்றி!

என் தங்கை குடும்பம் கென்ட் நகரத்தில் இருக்கிறது. தலைநகர் பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் அரை மணிக்குச் சற்றுக் கூட ஆகும். சென்ற நவம்பரில் அங்கே மூன்று வாரம் தங்கியிருந்தேன். லெய், ஸ்கெல்ட் என்று இரண்டு ஆறுகள் கூடுகிற ஊர். ஆற்றங்கரையில் கூம்பு முகப்பு வைத்த பழங்காலத்து வியாபாரிகளின் கட்டடங்கள் வரிசையாக நின்று தண்ணீரில் முகம் பார்க்கின்றன. ஊர் நடுவிலேயே 1180-இல் கட்டிய கோட்டை. தேவாலயத்தில் வான் ஐக் சகோதரர்கள் வரைந்து 1432-இல் முடிந்த பெரிய பலகை ஓவியம். அதில் ஒரு பலகையை 1934-இல் யாரோ திருடிக்கொண்டு போனார்கள், இன்றுவரை அகப்படவில்லையாம். நம் கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கிறோம் அல்லவா? பஞ்சாலைகள் பெருகிய 19-ஆம் நூற்றாண்டில் கென்ட்டுக்கும் அதே பட்டம்தான், ஐரோப்பாக் கண்டத்தின் மான்செஸ்டர் என்று.

பார்க்க வந்தவர்களுக்கு இதெல்லாம் கண்கொள்ளாக் காட்சி. அங்கே குடித்தனம் நடத்துகிறவள் பாடு வேறு. நவம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. தங்கையும் அவள் வீட்டுக்காரரும் வேலையிலிருந்து வரும்போது ஆறு மணி. ஆறு வயசு மகளுக்கு அப்போதுதான் ஒரு வாரக் காய்ச்சல் விட்டிருந்தது. காரம் வாயில் வைக்கமாட்டாள், ரசம் சாதம் வேண்டாம், இட்லி வேண்டாம். பால் ஒன்றுதான் ஆகாரம். கை கால் எல்லாம் குச்சி மாதிரி. "ராத்திரிக்கு என்ன பண்றதுன்னே தெரியலக்கா. கடையில வாங்கி வச்ச டப்பாவைத்தான் சூடு பண்ணிக் கொடுக்கேன். மனசு கேக்கல" என்று என் தங்கை அழாத குறைதான்.

வழி காட்டியவர் பக்கத்து வீட்டுப் பெண்மணி. எழுபது வயசு தாண்டியவர். தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் 'ஓமா', அதாவது பாட்டி. அவர்களுடைய டச்சு மொழி எனக்குத் தெரியாது, தமிழ் அவருக்குத் தெரியாது. தங்கை மகள்தான் துபாஷி. "பெரியம்மா, ஓமா கோழி சூப் பண்ணுவாங்களாம், உங்களை வந்து பாக்கச் சொன்னாங்க" என்று கூட்டிக்கொண்டு போனாள். புதன்கிழமை அங்கே பள்ளிக்கூடம் மத்தியானத்தோடு விட்டுவிடும், அதனால் சௌகரியமாயிற்று.

அந்தச் சூப்புக்கு 'வாட்டர்ஸோய்' என்று பெயர். தண்ணீரில் கொதித்தது என்று அர்த்தம். பெயரில் ஒரு படாடோபமும் இல்லை பாருங்கள்! ஆதியில் அதை ஆற்று மீனில் செய்தார்கள். ஆற்றில் மீன் குறைந்துபோக, கோழி அந்த இடத்துக்கு வந்தது. இப்போது கென்ட் வாட்டர்ஸோய் என்றால் பெரும்பாலும் கோழிதான். 1500-இல் இந்த ஊரில் பிறந்த சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லஸுக்கு இது பிரியமான பதார்த்தம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அதே சார்லஸ்தான் 1540-இல், வரி கொடுக்க மறுத்த ஊர்ப் பெரியவர்களைக் கழுத்தில் சுருக்குக் கயிற்றோடு ஊர்வலம் விட்டவர். இன்றைக்கும் கென்ட்காரர்கள் தங்களைச் 'சுருக்குக் கயிறு சுமந்தவர்கள்' என்று பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள். ரோஷக்கார ஊர்!

இனி சூப்புக்கு வருகிறேன். நான்கு பேருக்கு எலும்போடு ஒரு கிலோ கோழி, தோல் எடுத்தது. லீக்ஸ் இரண்டு, கேரட் இரண்டு, செலரித் தண்டு இரண்டு, வெங்காயம் ஒன்று. காய்களை எல்லாம் தீக்குச்சி கனத்துக்கு மெல்லிசாக நறுக்க வேண்டும். ஓமா இதில் கண்டிப்பு. கனமாக நறுக்கினால் குழந்தைகள் தட்டோரத்தில் ஒதுக்கி வைத்துவிடும் என்றார். எந்த ஊர்க் குழந்தையும் ஒரே ஜாதிதான் போலிருக்கிறது.

அடி கனமான பாத்திரத்தில் இரண்டு மேஜைக்கரண்டி வெண்ணெய் விட்டு, காய்களைச் சிறு தீயில் பத்து நிமிஷம் வதக்கவேண்டும். சிவக்கக் கூடாது, துவள வேண்டும். கோழியைப் போட்டு, ஒன்றேகால் லிட்டர் தண்ணீர், ஒரு இலை (நம் பிரிஞ்சி இலைக்குக் கிட்டத்தட்ட, வாசனை வேறு), கொஞ்சம் மிளகு. கொதி வந்ததும் மேலே கட்டும் நுரையை எடுத்துவிட்டுத் தீயைக் குறைத்து, முக்கால் மணி நேரம் மெள்ளக் கொதிக்க விட வேண்டும். கடைசி இருபது நிமிஷம் இருக்கும்போது மூன்று உருளைக்கிழங்கைத் துண்டு போட்டுச் சேர்க்கலாம். வெந்த கோழியை வெளியே எடுத்து, எலும்பை நீக்கிக் கறியைப் பிய்த்து மறுபடி போட்டு உப்புச் சேர்த்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

மீதிக் கால்வாசியில்தான் சூட்சுமம். ஒரு கிண்ணத்தில் இரண்டு முட்டையின் மஞ்சள் கருவை முக்கால் டம்ளர் க்ரீமோடு அடித்துக்கொண்டு, அதில் சூடான சூப்பு ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று சிறிது சிறிதாக விட்டுக் கலக்க வேண்டும். கரு சூட்டுக்குப் பழகிய பிறகு, பாத்திரத்தின் தீயைக் குறைத்து இதை ஊற்றிக் கிளறிக்கொண்டே இருக்கவேண்டும். ஆவி நன்றாகக் கிளம்பி, கரண்டியின் பின்புறம் மெல்லிசாக ஒட்டும் பதம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதித்ததோ, கரு திரிந்து பொடிப்பொடியாகிவிடும்.

இதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் திருநெல்வேலிச் சொதிக்கும் இதே சட்டம்தானே! தேங்காயின் முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கூடி வரும்போதே இறக்குகிறோம். மோர்க்குழம்பும் அப்படித்தான். கை ஏற்கெனவே பழகின வேலை என்பதால் மறுநாளே தங்கை வீட்டு அடுப்பில் நான் செய்தேன். மேலே பொடியாக நறுக்கிய பார்ஸ்லி இலை, தொட்டுக்கொள்ள ரொட்டி. குழந்தை முதலில் முகர்ந்து பார்த்தாள். பிறகு ஒரு கிண்ணம் காலி. "இன்னும் இருக்கா பெரியம்மா?" என்று கேட்டாளே, அதைக் கேட்டுத் தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

வேலைக்குப் போகிறவளுக்கு ஒரு மணி நேரச் சமையல் எப்படிச் சரிப்படும் என்று கேட்பீர்கள். கோழி, காய் வேகிற வரையிலான பாகத்தை ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடலாம். ஆறியவுடன் சின்னச் சின்னப் பாத்திரங்களில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள், அதுவும் நம்மூர் வெக்கையில். திங்களோ செவ்வாயோ சாயங்காலம் அதை நன்றாகக் கொதிக்கவிட்டு, தீயைக் குறைத்துப் புதிதாகக் கருவும் க்ரீமும் கலந்தால் பதினைந்து நிமிஷத்தில் சாப்பாடு. தங்கை இப்போது அப்படித்தான் செய்கிறாள். கலந்து முடித்த சூப்பை மட்டும் மிச்சம் வைக்க வேண்டாம், மறுபடி சுட வைக்கும்போது திரியும்.

கைக்குழந்தைக்குக் கொடுப்பதானால் உப்புப் போடுமுன் கொஞ்சம் எடுத்து மசித்துக்கொள்ளுங்கள், எலும்புத் துணுக்கு இல்லாமல் பார்த்து. கர்ப்பிணிகளுக்குக் கரு கெட்டிப்படும் வரை சுட்டிருக்க வேண்டும், அரைகுறை கூடாது. கொழுப்புக் குறைக்கச் சொல்லி டாக்டர் கட்டளை இட்டவர்கள் கருவும் க்ரீமும் இல்லாமல் வெறும் சாற்றைச் சாப்பிடலாம், அதுவே ருசிதான்.

சைவக்காரர்கள் கோபிக்க வேண்டாம். கென்ட் நகரசபை 2009-இல் வியாழக்கிழமையைக் காய்கறி நாள் என்று அறிவித்தது. நம் வீடுகளில் வியாழக்கிழமை விரதம் இருக்கிறவர்களைப் போல என்று நினைத்துக்கொண்டேன். காய்களை மட்டும் வேகவைத்து க்ரீம் விட்டாலும் நன்றாகவே இருக்கிறது.

ஊருக்கு வந்தபின் நான் செய்வதைச் சொல்லிவிடுகிறேன். லீக்ஸ் ஊட்டிக் காய்கறி விற்கிற கடைகளில் கிடைக்கும். கிடைக்காத நாளில் வெங்காயத்தாள் ஒரு கட்டு, வெள்ளைப் பாகத்தோடு. செலரி இல்லாவிட்டால் விட்டுவிடுகிறேன். பார்ஸ்லிக்குப் பதில் கொத்தமல்லித்தழை. க்ரீம் இல்லையென்றால் காய்ச்சி ஆறவைத்த கெட்டிப் பாலும் அதன் ஏடும். நாட்டுக்கோழி என்றால் வேக இன்னும் அரை மணி கூட வேண்டும், சாறும் அதற்கேற்ற மணம். என் வீட்டுக்காரர் மட்டும் தன் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை மிளகுப்பொடி அதிகம் தூவிக்கொள்கிறார்.